வாசகர் கேள்வி–பதில்: கணினி விளையாட்டில் நம் ராக்கெட்டுகள்

சென்ற இதழில் ‘ஆர்பிட்டர்’ என்னும் விண்பயண விளையாட்டைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் விளைவாக இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அந்த விளையாட்டில் இஸ்ரோவின் ராக்கெட் பயணங்களைப் புதிதாகச் சேர்ப்பது எப்படி என்றே கேட்கின்றன. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் ஸ்வைகர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இலவச மென்பொருள் இது என்பதையும், 2021-இல் அதன் மூல நிரலும் பொதுவில் வைக்கப்பட்டது என்பதையும் புதிய வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மற்றக் கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

கேள்வி: விடுமுறைக்குக் கானாடுகாத்தானில் ஐயா வீட்டுக்கு வந்த நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, சந்திரயான்-1 விண்கலத்தைச் சுமந்து சென்ற பிஎஸ்எல்வி-சி11 ஏவுதலை ஆர்பிட்டரில் சேர்த்திருக்கிறோம். முதல் அடுக்குக்கு 138 டன் எரிபொருள், 4,800 கிலோநியூட்டன் உந்துவிசை, 110 நொடி எரிநேரம் என்று வெளியான விவரங்களில் உள்ளபடியே கொடுத்தோம். ஆனால் 22,860 கி.மீ. சேய்மைப் புள்ளியை, அதாவது பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான இடத்தை, அடைய வேண்டிய விண்கலம் ஒரு லட்சம் கி.மீ.யையும் தாண்டிப் போகிறது. எண்களெல்லாம் சரியாக இருக்கும்போது தவறு எங்கே இருக்கிறது?
— கல்லூரி மாணவர், கானாடுகாத்தான்

பதில்: நீங்கள் அனுப்பிய கோப்பைத் திறந்து பார்த்தேன். எண்கள் தனித்தனியே சரிதான். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும்போதுதான் அவை பொய் சொல்கின்றன. பேரேட்டில் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் ஐந்தொகை இடித்தால் என்ன செய்வார்கள் என்று உங்கள் ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் முறைதான் இங்கும் பயன்படும்.

ராக்கெட் கணக்கில் ஐந்தொகை என்பது இதுதான்: உந்துவிசையை எரிநேரத்தால் பெருக்கி, வந்த விடையை எரிபொருளின் நிறையால் வகுத்தால், எரிந்த வாயு என்ன வேகத்தில் கீழ்நோக்கிப் பீறிட்டு வெளியேறியது என்பது கிடைக்கும். உங்கள் முதல் அடுக்குக்கு இதைப் போட்டால், 4,800 ஐ 110 ஆல் பெருக்கி 138 ஆல் வகுக்க, நொடிக்கு ஏறத்தாழ 3,826 மீட்டர் என்று வருகிறது. பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கில் எரிவது திட எரிபொருள். அந்த மோட்டாரின் வாயு, காற்றில்லாத வெளியில்கூட நொடிக்குச் சுமார் 2,640 மீட்டர் வேகத்தில்தான் வெளியேறும். திரவ ஹைட்ரஜன் எரியும் கிரையோஜெனிக் எஞ்சின்தான் 4,000 மீட்டரைத் தாண்டும். ஆக, உங்களை அறியாமலேயே திட மோட்டாருக்குள் ஏறக்குறைய கிரையோஜெனிக் எஞ்சினின் திறனைப் புகுத்தியிருக்கிறீர்கள். விளையாட்டு அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

குழப்பத்தின் வேர், 4,800 என்பது உச்ச உந்துவிசை என்பதை நீங்கள் கவனிக்காததே. திட எரிபொருள் அடுப்பை ஏற்றி இறக்குவது போல எரிவதில்லை. உள்ளே வார்த்து வைத்திருக்கும் எரிபொருளின் எந்தப் பரப்பு எந்த நொடியில் எரிகிறதோ அதைப் பொறுத்து விசை கூடும், குறையும். விவரக் குறிப்பில் அச்சாவது பெரும்பாலும் உச்ச அளவு. ஆனால் விளையாட்டு அதை முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரைக்கும் ஒரே சீரான விசையாக எடுத்துக்கொள்கிறது. எனவே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 138 ஐ 2,640 ஆல் பெருக்கி 110 ஆல் வகுத்தால் சுமார் 3,310 கிலோநியூட்டன் வரும். அதைச் சராசரி உந்துவிசையாகக் கொடுத்தால், விண்கலம் எதிர்பார்த்த பாதையின் பக்கத்தில் வந்து நிற்கும்.

இரண்டாம் அடுக்கை மாற்றாதீர்கள். அதில் இருப்பது விகாஸ் என்னும் திரவ எஞ்சின். அதன் விசை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். 799 கிலோநியூட்டன், 150 நொடி, 42 டன் என்று போட்டால் வெளியேற்ற வேகம் நொடிக்குச் சுமார் 2,850 மீட்டர் என்று, திரவ எஞ்சினுக்கு இயல்பான அளவிலேயே வருகிறது. பக்கவாட்டில் உள்ள ஆறு மோட்டார்களும் மூன்றாம் அடுக்கும் திட எரிபொருளில் இயங்குபவை. அவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். அந்த ஆறையும் தரையிலேயே ஒன்றாகப் பற்றவைத்திருக்கிறீர்கள். உண்மையில் நான்குதான் தரையில் பற்றும். எஞ்சிய இரண்டும் 25-ஆவது நொடியில் வானத்தில் பற்றும். கோப்பில் அவற்றை இரண்டு குழுக்களாகப் பிரித்து, இரண்டாம் குழுவுக்கு 25 நொடித் தாமதம் கொடுத்தால் போதும்.

ஒரே ஒரு அடுக்கில் நேர்ந்த பிழை இவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் விடுமா என்று உங்கள் தங்கை தனித்தாளில் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பூமிக்கு மிக அருகே வரும் 255 கி.மீ. அண்மைப் புள்ளியில் சந்திரயான்-1 இன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 9.9 கி.மீ.; அதே உயரத்தில் 10.96 கி.மீ. வேகம் இருந்தால் பூமியின் பிடியிலிருந்தே விடுபட்டுவிடலாம். அதாவது, 22,860 கி.மீ.க்குப் போவதற்கும் திரும்பி வராமலே போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் நொடிக்கு ஒரு கி.மீ.யைச் சற்றே தாண்டியதுதான். உங்கள் முதல் அடுக்கு இனாமாகக் கொடுத்த பல நூறு மீட்டர் வேகம், அந்தச் சிறிய இடைவெளியில் பெரும்பகுதியை அடைத்துவிட்டது.

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவின் அமைவிடத்தைச் சரியாகக் கொடுத்தும் என் ராக்கெட் பனிக்கடலில் போய் நிற்கிறது. அது மட்டுமல்லாமல், காலை 6:22 மணிக்கு ஏவும்படி அமைத்தால் வானத்தில் சூரியன் உச்சியில் நிற்கிறது. இது விளையாட்டின் கோளாறா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: இரண்டுமே விளையாட்டின் கோளாறு அல்ல, ஐயா. பள்ளியில் நாம் அட்சரேகையை முதலிலும் தீர்க்கரேகையை அடுத்தும் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு பயணத்தின் தொடக்க நிலையைச் சொல்லும் ஆர்பிட்டரின் சினாரியோ கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா வடக்கே 13.7 பாகையிலும் கிழக்கே 80.2 பாகையிலும் இருக்கிறது. அதை நாம் பழகிய வரிசையில் எழுதினால், விளையாட்டு வடக்கே 80.2, கிழக்கே 13.7 என்று படித்துக்கொண்டு, ராக்கெட்டை நார்வேக்கும் வடக்கே ஆர்க்டிக் கடலில் நிறுத்திவிடும்.

சூரியன் விஷயத்தில் நானே ஏமாந்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதன்முதலாகச் சந்திரயான்-1 கோப்பை எழுதி முடித்து, பட்டாலையில் கணினியை வைத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டியபோது, திரையை உற்றுப் பார்த்த அப்பத்தா, “காலம்பறதானப்பா விட்டாக, நான் காப்பி குடிச்சுக்கிட்டே டிவில பாத்தேனே, இதுல என்ன உச்சி வெயில் அடிக்குது?” என்று கேட்டார். ராக்கெட்டின் உயரம், எடை, நிறம் என்று எல்லாவற்றையும் மூன்று நாள் சரிபார்த்த எனக்கு வெயில் கண்ணில் படவில்லை.

ஆர்பிட்டர் இந்திய நேரத்தை அறியாது. அது உலகப் பொது நேரத்தில், 1858 நவம்பர் 17 நள்ளிரவிலிருந்து எத்தனை நாள் கடந்தது என்ற கணக்கில் காலத்தைக் குறிக்கிறது. 2008 அக்டோபர் 22 காலை 6:22 என்பது பொது நேரத்தில் நள்ளிரவு கழிந்து 52 நிமிடம்; அதற்குரிய எண் 54761.036. நாம் 6:22 ஐ அப்படியே பொது நேரமாக எடுத்துக்கொண்டால் 54761.265 என்று வரும். நம் ஊர்க் கடிகாரத்தில் அது பகல் 11:52. நாள் எண்ணைக் கையால் கணக்கிடச் சலிப்பாக இருந்தால், விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சினாரியோ எடிட்டரில் தேதியையும் பொது நேரத்தையும் கொடுத்துவிடலாம். ஐந்தரை மணி நேரப் பிழை வெயிலோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். நிலவு அதற்குள் தன் பாதையில் ஏறத்தாழ இருபதாயிரம் கி.மீ. நகர்ந்திருக்கும், நிலவை நோக்கிச் செல்லும் பயணத்தில் அது சிறிய தூரமன்று.

கேள்வி: சந்திரயான்-1 நிலவை அடைய இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்றே, அத்தனையையும் ஒரே கோப்பில் எப்படி அடக்குவது?
— பொறியியல் மாணவி, பள்ளத்தூர்

பதில்: அடக்க வேண்டாம், மூன்றாகப் பிரித்துவிடுங்கள். அக்டோபர் 22 ஏவுதல் ஒன்று; பூமியைச் சுற்றிக்கொண்டே படிப்படியாகச் சேய்மைப் புள்ளியை உயர்த்தியது ஒன்று; நவம்பர் 8 அன்று நிலவின் பாதைக்குள் நுழைந்தது ஒன்று. படிப்படியாக உயர்த்தியதற்குக் காரணம், விண்கலத்தின் எஞ்சின் 440 நியூட்டன் விசை மட்டுமே கொண்டது. ஏவும்போது 1,380 கிலோ எடையிருந்த கலத்தை அந்த எஞ்சினால் ஒரே மூச்சில் நிலவு வரை தள்ள முயன்றால், எரிந்து முடிவதற்குள் கலம் அண்மைப் புள்ளியை விட்டு வெகுதூரம் போய், எரிபொருள் வீணாகும். நிலவின் அருகே அந்த எஞ்சின் 817 நொடி எரிந்துதான் கலத்தின் வேகத்தைத் தணித்தது. மூன்றாம் கோப்பின் சுவையே அந்தப் பதினான்கு நிமிடங்கள்தான். ஆகவே அதை எஞ்சின் பற்றுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே தொடங்குமாறு அமையுங்கள். விளையாடுகிறவரை மணிக்கணக்கில் காக்க வைத்தால் எழுந்து போய்விடுவார்.

கேள்வி: இதே எண்களை ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாட்டில் போட்டால் பிஎஸ்எல்வி பாதி எரிபொருளிலேயே சுற்றுப்பாதையை அடைந்துவிடுகிறது, ஏன்?
— பதினோராம் வகுப்பு மாணவர், புதுவயல்

பதில்: அந்த விளையாட்டின் கெர்பின் என்னும் கோளின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே; அதைத் தாழ்வாகச் சுற்றி வர நொடிக்கு ஏறத்தாழ 2.3 கி.மீ. வேகம் போதும். நம் பூமிக்கு 7.8 கி.மீ. வேண்டும். உண்மையான எண்களோடு விளையாட விரும்பினால், கோள்களை உண்மை அளவுக்கு மாற்றித் தரும் கூடுதல் தொகுப்பை முதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: செட்டிநாட்டில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறதே, அங்கிருந்து ராக்கெட் ஏவுவது போல ஒரு பயணத்தை விளையாட்டில் சேர்க்கலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் ஏவியபின் வரைபடத்தில் ராக்கெட்டின் நிழல் எந்த ஊர்களின் மேல் போகிறது என்று பாருங்கள். நேர் கிழக்கே விட்டால் அறந்தாங்கிப் பக்கமாகப் போய், ஏறத்தாழ ஐம்பது கி.மீ. கடந்த பிறகுதான் கடல் வரும்; அந்தக் கடலும் பாக் நீரிணை, அதன் தென்புறத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை. வட, தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்காகத் தெற்கே விட்டால் பரமக்குடி, அதன்பின் இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமங்கள், அதன்பின்தான் மன்னார் வளைகுடா. எரிந்து முடிந்த அடுக்குகள் யார் தலையிலும் விழாமல் கடலில் விழ வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை நாமே விதித்துக்கொண்டால், நண்பர்களின் சிரிப்புக்குக் காரணம் இருப்பது தெரியும்.

இதே நிபந்தனையால்தான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் பிஎஸ்எல்வி, இலங்கை குறுக்கே கிடப்பதால் முதலில் தென்கிழக்கே போய், பிறகு வானத்திலேயே தெற்கு நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குச் செலவாகும் எரிபொருள், சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்குத் தாங்காத செலவு. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதன் காரணம் இதுவே; அங்கிருந்து தெற்கே திறந்த கடல். ஓடுதளத்தோடு இதையும் ஒரு பயணமாகச் சேருங்கள். 500 கி.மீ. உயரச் சூரிய ஒத்திசைவுப் பாதைக்கு (ஒவ்வோர் இடத்தையும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் துருவப் பாதை) அங்கிருந்து ஏவுதிசை சுமார் 191 பாகை, அதாவது தெற்கிலிருந்து சற்றே மேற்கே சாய்ந்த திசை.

கேள்வி: தோல்வியடைந்த ஏவுதலையும் சேர்க்கலாமா, அல்லது அது நம் விஞ்ஞானிகளை இழிவுபடுத்துவதாகுமா?
— பத்தாம் வகுப்பு மாணவி, கோட்டையூர்

பதில்: இழிவு ஒன்றும் இல்லை, தோல்வியின் காரணத்தை இஸ்ரோவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 2022 ஆகஸ்ட் 7 அன்று புறப்பட்ட எஸ்எஸ்எல்வி-டி1 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று திட அடுக்குகளும் தம் வேலையைச் செய்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வு, முடுக்கத்தை அளக்கும் உணரிகளின் அளவை மீறிவிட, ராக்கெட்டின் கணினி அவை பழுதானதாக முடிவுசெய்து மாற்று வழிக்குத் தாவியது. அந்த வழியில், கடைசியாக வேகத்தைச் சீர்செய்யும் சிறு திரவப் பகுதிக்கு இடமில்லாமல் போயிற்று. விளைவாக, 356 கி.மீ. வட்டப் பாதைக்குப் பதிலாக 356-க்கு 76 கி.மீ. என்ற நீள்வட்டப் பாதை கிடைத்தது. சேய்மைப் புள்ளியில் கணக்கிட்டால் குறைந்த வேகம் நொடிக்கு வெறும் 82 மீட்டர். தேவைப்பட்டதோ 7,690 மீட்டருக்குச் சற்று மேல்.

கோப்பில் செய்ய வேண்டியது எளிது: மூன்று அடுக்குகளையும் அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கடைசிப் பகுதியின் எரிபொருளை மட்டும் சுழியமாக்குங்கள். 356 கி.மீ. உயரத்தில் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அரைச் சுற்று கழித்து உயரமானி 76 ஐ நோக்கி இறங்கும்போது, காற்று கலத்தை இழுக்கத் தொடங்குவதைத் திரையில் பார்க்கலாம்.