ரத்தத்தின் பாகுத்தன்மையும் டாப்ளர் அளவும்

கேள்வி: ஹீமோகுளோபின் 6 கிராம் மட்டுமே உள்ள ஒருவருக்குக் கழுத்து டாப்ளர் (ஒலியலை கொண்டு ரத்த ஓட்ட வேகத்தை அளக்கும் சோதனை) செய்தோம். மூளைக்குச் செல்லும் இருபுற உள்கரோட்டிட் தமனியிலும் உச்ச வேகம் விநாடிக்கு 140 செ.மீ. கொழுப்புப் படிவு எதுவும் தெரியவில்லை. அடைப்புக்கு வரம்பாகச் சொல்லப்படும் 125-ஐத் தாண்டிவிட்டதே, 50 சதவீத அடைப்பு என்று எழுதலாமா?

பதில்: கூடாது. 125 என்ற வரம்பைத் தனியாகப் பார்க்கக் கூடாது. படமும் படிவைக் காட்ட வேண்டும். ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 சதவீதம் இருக்கும்போது ரத்தத்தின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, சுமார் 3.5 முதல் 4 மில்லிபாஸ்கல்-விநாடி. இவருக்கு ஹெமட்டோகிரிட் 18-க்கு அருகில் இருக்கும். பாகுத்தன்மை ஏறத்தாழ பாதியாகிவிடும். சிறு தமனிகளில் தடை குறைகிறது, ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட இதயமும் கூடுதலாகத் தள்ளுகிறது. அதனால் எல்லாத் தமனிகளிலும் வேகம் ஏறும்.

கீழே, உள்கரோட்டிட் பிரிந்து வரும் பொதுக் கரோட்டிடிலும் அளந்து பாருங்கள். அங்கே 110 வந்தால் இரண்டின் விகிதம் (140/110) 1.3தான், 2-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். உண்மையான அடைப்பில் வேகம் ஒரே இடத்தில் எகிறும், அதைக் கடந்ததும் ஓட்டம் கலங்கும். ரத்தசோகை சரியான பிறகு மறுபடி எடுங்கள். சிவப்பணு மிகுந்தவர்களிடம் இதற்கு நேர்மாறு: வேகம் தாழ்ந்து, இருக்கும் குறுகலும் சிறிதாகத் தெரியலாம். ஆகவே அறிக்கையில் ஹீமோகுளோபினையும் எழுதுவது நல்லது.

கேள்வி: நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ஓடுகிறது என்று கணக்கிடும்போது பாகுத்தன்மையைச் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறுக்குப் பரப்பை சராசரி வேகத்தால் பெருக்கினால் போதும். விட்டம் 6 மி.மீ., சராசரி வேகம் விநாடிக்கு 25 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு சுமார் 424 மி.லி. இங்கே பெரிய ஆபத்து விட்டம்தான்: 0.3 மி.மீ. கூட அளந்தால் விடை 10 சதவீதம் ஏறிவிடும். உச்ச வேகத்தையே சராசரியாக எடுத்துக்கொள்வதும் தவறு. நடுவில் வேகமாகவும் சுவரருகே மெதுவாகவும் ஓடும் பரவளைய ஓட்டத்தில் சராசரி, நடுவேகத்தில் பாதிதான். பெருந்தமனியில் ஓட்டம் தட்டையாக (குறுக்கே ஏறத்தாழ ஒரே வேகமாக) இருப்பதால் இரண்டும் நெருங்கி வரும்.

சுவர் உராய்வு விசை (ஓடும் ரத்தம் தமனிச் சுவரை உரசும் விசை) கணக்கிடுவோர் மட்டும் பாகுத்தன்மையை விட முடியாது. மேலே சொன்ன அதே தமனியில் பாகுத்தன்மையை 3.5 என வைத்தால் சதுர செ.மீ.க்கு சுமார் 11.7 டைன், ரத்தசோகைக்கு 2 என வைத்தால் 6.7. எல்லோருக்கும் ஒரே எண்ணைப் போட்டு நோயாளிகளை ஒப்பிடுவது சரியல்ல.

கேள்வி: ஓட்டம் மெதுவானால் ரத்தம் கெட்டியாகும் என்கிறார்களே?

பதில்: ஆம், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்வதால். ஆனால் பெரிய தமனிகளில் சறுக்கு வேகம் (அடுத்தடுத்த ரத்த அடுக்குகளுக்கிடையே வேகம் மாறும் வீதம்) பெரும்பாலும் விநாடிக்கு 100-க்கு மேல் இருப்பதால் நிலையான பாகுத்தன்மையே போதும். தமனிச் சுவர் புடைத்த வீக்கப் பைகளுக்குள்ளும் குறுகலுக்குப் பின்னுள்ள சுழலிலும் இப்படி நிலையான எண்ணை வைப்பது செல்லாது.