வாங்கும் முன் கேளுங்கள்: அசையாத முள்ளும் உப்பிய பலகையும்

கே: சுருட்டு காயாமல் ஈரம் காக்கும் ஹியூமிடார் அலமாரி வாங்கினேன். அதன் ஈரப்பத மீட்டர் எப்போதும் 70 காட்டுகிறது. சுருட்டைத் தொட்டால் பொடிகிறது. (காட்பாடி)

மீட்டர் என்ற பெயரில் அலமாரிக்குப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த முள் வட்டங்கள் மேல் எனக்குப் பழைய கோபம். பித்தளை வளையம் போட்டது ஒன்று என்னிடமும் இருக்கிறது. கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் அதே 68. கடைக்காரரிடம் கேட்டால், "பார்க்க அழகா இருக்குல்ல சார்?" என்கிறார்.

உள்ளே ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். அளப்பதே பொய் என்றால் அப்புறம் என்ன செய்து என்ன? பாட்டில் மூடியில் தூள் உப்பு போட்டு, கரையாமல் நனையும் அளவுக்குச் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மீட்டரோடு ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் பையைத் திறக்காமல் பாருங்கள்; 75 காட்ட வேண்டும். 72 என்றால் இனி 3 கூட்டிப் படியுங்கள். 70-லேயே நின்றால் பிடுங்கி எறியுங்கள். டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, மேல் தட்டில் ஒன்றும் கீழ்த் தட்டில் ஒன்றும் வையுங்கள். கதவு முன்பக்கம் திறப்பதால் ஈரக் காற்று மொத்தமாக வெளியே போய்விடும், தட்டுக்குத் தட்டு வித்தியாசமும் வரும். உள்ளே சின்ன ஃபேன் ஓடினால் சமமாகும். கதவு இடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்துச் சாத்தி இழுத்தும் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

கே: ஹியூமிடாரின் ஈரமூட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா? (சத்துவாச்சாரி)

கூடாது. உங்கள் வீட்டு பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற உப்புதான் ஈரமூட்டியையும் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

கே: வண்டு வராமலிருக்க நாலு அந்துருண்டை போட்டேன். வாசனை போகவில்லை. (ராணிப்பேட்டை)

போகாது. போடும் முன் கேட்டிருக்கலாம்.

கே: 'ஸ்பானிஷ் சிடார்' மரம் என்று ஆன்லைனில் 38,000 ரூபாய்க்கு ஹியூமிடார் அலமாரி ஒன்றை அப்பா வாங்கினார். உள்பக்கம் உப்பி, பிளைவுட் தெரிகிறது. "ஈரம் பட்டதால் வாரண்டி இல்லை" என்கிறார்கள். (வேலூர்)

ஈரம் வைப்பதற்கென்றே விற்ற அலமாரியில் ஈரம் பட்டது குற்றமாம்! அப்பாவைத் திட்டாதீர்கள். பெயர் போட்டு விற்றதை நம்பித்தான் பணம் கொடுத்தார். ஸ்பானிஷ் சிடார் நம் வேம்பு, மலைவேம்பு குடும்பத்து மரம். ஈரத்தை வாங்கி மெல்ல விடும். பிளைவுட்டுக்கு அந்தக் குணம் ஏது?

உரிந்த இடத்தைப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் அவர்கள் திருத்துவதற்குள் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை அலமாரியைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடாதீர்கள், சாட்சியே அதுதான்.

கே: 2,000 ரூபாய்க்குள் நல்ல ஹியூமிடார் அலமாரி சொல்லுங்கள். (ஆற்காடு)

கிடையாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும், 65 அல்லது 69 என்று அச்சிட்ட ஈரப்பத பாக்கெட்டும் வாங்குங்கள். மீதிப் பணம் கையில் நிற்கும்.