நோய் பெற்ற வசவுகள்: கேள்வி பதில்

எங்கள் ஆச்சி கோபம் வந்தால் "பேதீல போவான்" என்பார். வயிற்றுப்போக்குக்கு இவ்வளவு பெரிய சாபமா? (திருநெல்வேலி)

அது வாந்திபேதி, அதாவது காலரா. 1817இல் வங்காளத்து ஜெசோரில் கிளம்பி, மறு வருடமே சென்னை மாகாணத்துக்குள் வந்துவிட்டது. காலையில் நன்றாக இருந்தவர், உடம்பின் நீரெல்லாம் வற்றி, பொழுது சாய்வதற்குள் போய்விடுவார். அந்த வேகம்தான் சாபத்தின் பலம். "கொள்ளையில போவான்" என்பதும் இதே குடும்பம். அங்கே கொள்ளை என்றால் கொள்ளைநோய். உப்புச் சர்க்கரைக் கரைசலே உயிரைக் காப்பாற்றும் என்றான பிறகு பயம் வடிந்துவிட்டது. இப்போது பேரனைச் செல்லமாகவும் இப்படித் திட்டுகிறார்கள்.

எங்கட "கோதாரி"யும் இதுதானோ? (யாழ்ப்பாணம்)

அதேதான். "கோதாரி விழுந்த மழை" என்னும்போது யாருக்கும் காலரா நினைவு வருவதில்லை.

மற்ற மொழிகளில் உண்டா?

நெதர்லாந்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. காலரா, காசநோய், டைபாய்டு எல்லாம் அங்கே வசவுதான். "உனக்குக் காசநோய் வரட்டும்" என்பது இன்றும் புழங்குகிறது. ஆனால் புற்றுநோயை வைத்துத் திட்டினால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள். அந்த நோய் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறதே.

பேதீல போவான் என்றால் என்ன?

முதல் பதில்.

"சீன வைரஸ்" என்றால் என்ன தப்பு? அங்கிருந்துதானே வந்தது?

1918 காய்ச்சலுக்கு ஸ்பெயின் பெயர் ஒட்டியது, முதல் உலகப் போரில் சேராத அந்த நாட்டின் பத்திரிகைகள் மறைக்காமல் எழுதியதால். மேகநோயை, அதாவது சிபிலிஸை, நாம் பரங்கிப்புண் என்றோம்; பரங்கி என்றால் ஐரோப்பியர். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். ஊர்ப் பெயரை நோய்க்கு வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இதனால்தான்.

பெயரால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது? (அதே வாசகர்)

2020 மார்ச்சில் டெல்லியில் மணிப்பூர்ப் பெண் ஒருவரை "கொரோனா" என்று கத்தி, மேலே துப்பினான் ஒருவன். அவர் இந்தியர், முகம்தான் குற்றம். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நோயை ஏவிச் சபிப்பது ஒன்று, மனிதரையே நோய் என்பது வேறு. முன்னது நோயோடு சேர்ந்து பழசாகிவிடும், பின்னது ஆகாது. "குஷ்டரோகி"யைப் பாருங்கள், கூட்டு மருந்தில் தொழுநோய் குணமாகி இத்தனை காலமான பின்னும் வசவு அப்படியே இருக்கிறது.

அப்படியானால் ஆச்சியைத் தடுக்க வேண்டுமா? (திருநெல்வேலி)

வேண்டாம். திட்டட்டும்.

காலராவுக்குத் தடுப்பூசி போடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது வசவு மட்டும்.