பதில்: கொல்லிமலைக்கு 15 லிட்டர் ஸ்லிங் பை சரிவருமா?

ஸ்லிங்னா ஒரே பட்டையில குறுக்கா மாட்டுற பை. அதுல 15 லிட்டர் வேண்டாங்க. எடுத்துட்டுப் போகணும்னு நீங்க போட்ட பட்டியல்ல தண்ணியே 2 லிட்டர், அதாவது 2 கிலோ. கேமரா, மழைக்கோட்டு, சாப்பாடு சேர்ந்தா 4 கிலோ தாண்டிடும். அத்தனையும் ஒரே தோள்ல. அங்கே ஆகாய கங்கை அருவிக்கு இறங்குற படி ஆயிரத்துக்கு மேல. ஏறி வர்றதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்கும். 3 கிலோவுக்கு மேலன்னா ரெண்டு பட்டை பைதான் நல்லது. ஸ்லிங்தான் வேணும்னா 6–9 லிட்டர், தண்ணி 1 லிட்டரோட நிறுத்திக்கோங்க.

கடையில வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்கிடாதீங்க. எடைக்காக, தண்ணி நிரப்பின ரெண்டு லிட்டர் பாட்டிலை உள்ள போட்டு, ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனியுங்க. பை சரிஞ்சு முன்னால வந்து தொங்கினா, படியில அதேதான் நடக்கும். அக்குளுக்குக் கீழ மாட்டுற இரண்டாவது சின்னப் பட்டை இருந்தா பை நகராது.

அடுத்து, பையை நெஞ்சுக்குச் சுத்திக் கொண்டுவந்து ஜிப்பைத் திறங்க. வாய் மேல பார்த்து இருக்கணும். இல்லேன்னா லென்ஸ் மூடி உருண்டு ஓடும். பல பைகள் ஒரு தோளுக்குன்னே தைச்சது. மறு தோள்ல மாட்டினா பாட்டில் உறை கவிழ்ந்துடும். தோள் மாத்துற பழக்கம் இருந்தா, பட்டையை ரெண்டு பக்கமும் கொக்கி மாத்திப் போடற மாதிரி பாருங்க. பட்டை அகலம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

‘வாட்டர்ப்ரூஃப்’னு சீட்டுல இருந்தாலும் தையல், ஜிப் வழியா தண்ணி இறங்கலாம். போனுக்கு ஒரு ஜிப்லாக் கவர் போதும்.