உச்சி மாநாடு நடத்துவதால் நம் தீவுக்கு என்ன கிடைக்கும்?

“கொழும்பில் தலைவர்கள் கூடிப் பேசினால் திருகோணமலையில் இருக்கும் நமக்கு என்ன?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

சிறிய நாட்டிடம் படைபலம் இல்லை. மாநாட்டை நடத்தும் நாட்களில்தான் அதன் பேச்சை உலகம் காது கொடுத்துக் கேட்கும். 1976 ஆகஸ்டில், எந்த வல்லரசின் அணியிலும் சேராத ‘அணிசேரா’ நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்தது. தலைமை வகித்தவர் நம் அப்போதைய பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. இந்து சமுத்திரம் வல்லரசுகளின் போட்டிக் களமாகக் கூடாது என்று அவர் முன்பிருந்தே வலியுறுத்தி வந்தார். 1971இல் ஐ.நா. பொதுச்சபை அதைச் சமாதான வலயமாக அறிவித்ததும் இலங்கை எடுத்த முயற்சியால்தான். நம் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள்: 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த இடம், 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம். இந்த ஊருக்கு இதைவிட நெருக்கமான விஷயம் எது?

2013 நவம்பரில் கொழும்பில் நடந்த பொதுநலவாய மாநாடு, அதாவது பெரும்பாலும் பிரித்தானியாவின் முன்னாள் காலனி நாடுகள் கூடிய மாநாடு, வேறு கதை. மனித உரிமை நிலையைக் காரணம் காட்டிக் கனடா, மொரீசியஸ் பிரதமர்கள் வரவில்லை. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் போனார். காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு வீதியில் நின்ற தாய்மாரை உலகத் தொலைக்காட்சிகள் காட்டின. என்னைக் கேட்டால், அரசு எதிர்பார்த்திராத அந்தப் பயன்தான் பெரியது.