‘இந்த வயசுல விழத்தானே செய்வாங்க!’

கேள்வி: முதியோர் வன்கொடுமை விழிப்புணர்வு நாளான ஜூன் 15 வந்தால் போதும், முதியோர் மீதான வன்முறை என்று ஊரெல்லாம் கூட்டம் போடுகிறார்கள். பெற்றோரைத் தெய்வமாக வைத்திருக்கும் நம் ஊருக்கு இது தேவையா? அதில் சாதி, விதவை, திருநங்கை என்று எல்லாவற்றையும் ஏன் இழுக்கிறீர்கள்? முதுமை எல்லோருக்கும் ஒன்றுதானே? என் அம்மாவுக்கு 78 வயது. எங்களோடு நன்றாகவே இருக்கிறார்.
- ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: சாத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் ஆச்சரியம். தலைக்கூத்தல் என்றால் என்னவென்று உங்கள் விருதுநகர் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படுக்கையில் விழுந்த பெரியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் காரியம் முடிந்துவிடும். 2010-ல் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. ஊருக்கு அதற்கு முன்பே தெரியும். தெரிந்தும் புகார் இல்லை. எப்படிச் செத்தார் என்று கேட்டால், “வயசாச்சு.” முப்பது வயதுக்காரர் எண்ணெய் தேய்த்துக் குளித்து மறுநாள் செத்திருந்தால் பிரேதப் பரிசோதனை இல்லாமல் எடுக்க விடுவோமா?

அது பழைய கதை என்பீர்கள். சரி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல நீலமாகக் கன்றியிருந்தது. “பாத்ரூமில் விழுந்துட்டாங்க” என்றார் கூட வந்தவர். “இந்த வயசுல விழத்தானே செய்வாங்க” என்று டாக்டர் மாத்திரை எழுதினார். விழுந்தவருக்கு முட்டியோ இடுப்போ அடிபடும். மணிக்கட்டைச் சுற்றியா கன்றும்? பாட்டியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. “வயசு” என்ற ஒரு சொல், காயத்துக்கும் காரணமாகிவிட்டது, கேள்விக்கும் பதிலாகிவிட்டது. கூட்டம் போடுகிறவர்கள் வயதுப் பாகுபாடு என்று சொல்வது இதைத்தான். உலகில் இரண்டு பேரில் ஒருவருக்கு இந்த மனப்போக்கு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதாவதொரு கொடுமைக்கு ஆளாகிறார் என்பதும் அவர்கள் கணக்குதான்.

அடுத்தது, முதுமை எல்லோருக்கும் ஒன்றா என்பது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பென்ஷன் வரும் தேதியில் மருமகள் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அதே தெருவில், ஆயுசு முழுக்கச் செங்கல் சுமந்த ஒரு கைம்பெண். விரல் ரேகை தேய்ந்துபோனதால் கைரேகை மெஷின் அவரை அவர்தான் என்று ஒப்புக்கொள்வதில்லை. முதியோர் உதவித்தொகை 2023-ல் 1,200 ரூபாய் ஆனது. அதை எடுக்கக்கூடப் பேரனைக் கெஞ்ச வேண்டும். எடுத்த பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது வேறு விஷயம். வீடு, நிலம் உள்ளவரைச் செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துக்காக அடிக்கிறார்கள். இல்லாதவருக்குச் சோறு போட மறந்துபோகிறார்கள்.

சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் வேண்டாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்க்காவிட்டால் திரும்பப் பெறலாம். ஆனால் அது யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது? பிள்ளை பெற்றவரை, அல்லது சொத்து வைத்திருப்பவரை. பிள்ளை இல்லாத முதியவர் யாரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றால், அவர் சொத்தை வைத்திருக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினரிடம். பதினைந்து வயதில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்கு அறுபத்தைந்து வயதாகிறது. பிள்ளை இல்லை, காணி நிலமும் இல்லை. அவர் யார் பெயரைப் போட்டு மனு எழுதுவார்? இதையெல்லாம் நான் இழுத்துவரவில்லை ஐயா, அது அங்கேயேதான் இருக்கிறது.

கூட்டம் போடுவது தேவையா என்றால், மேடையில் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒருவரையும் பேசவிடாமல் அனுப்பும் கூட்டங்கள் எனக்கும் பிடிக்காது. அதில் நானும் உங்கள் கட்சிதான். அக்கம்பக்கத்தில் பெரியவர் யாருக்காவது உதவி வேண்டும் என்றால் 14567 என்ற இலவச முதியோர் உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. அம்மா நன்றாகவே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டுவிட்டுத்தானே எழுதினீர்கள்?