வடிவான உதட்டுக்கு எல்லா இனத்தாருக்கும் ஒரே அளவா?

கொழும்பில் உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசி போட விசாரித்தபோது, மேலுதடும் கீழுதடும் 1:1.6 விகிதத்தில் இருக்கவேணும் என்றார்களாம். அது நமக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே பொருந்தாது. பொன் விகிதம் என்று சொல்லப்படும் அந்தக் கணக்கு பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களின் முகங்களில் பார்க்கப்பட்டது. ஆபிரிக்க வம்சாவளியினர் பலருக்கு இரண்டு உதடும் ஏறக்குறைய ஒரே பருமன். எங்கள் ஆட்களிலும் மேலுதடு தடித்தவர்கள் ஏராளம்.

பக்கவாட்டில் பார்த்தாலும் இதே சிக்கல்தான். ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்கப் பல்சீரமைப்பு வைத்தியர் மூக்கு நுனியிலிருந்து நாடிக்கு ஒரு கோடு போட்டார். மேலுதடு அதற்கு 4 மில்லிமீற்றர், கீழுதடு 2 மில்லிமீற்றர் பின்னால் நிற்கவேண்டுமாம். தமிழ், சிங்கள முகங்கள் பலவற்றில் உதடு அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே நிற்கும். அதைப் போய் ‘திருத்த’ வேணுமா?

வைத்தியரின் கண்ணுக்கும் சொந்த ரசனை உண்டு. அவருடைய இனமும் வாழும் நாடும் அதில் கலந்திருக்கும். ஆகவே வெள்ளைக்கார மொடல்களின் படங்களை மட்டும் காட்டுபவரிடம், நம் நிறத்தவருக்குச் செய்த முன்-பின் படங்களைக் கேளுங்கள். கறுத்த தோலில் ஊசி குத்திய இடம் கருமை தட்டலாம், அதையும் விசாரியுங்கள். ஹையலுரோனிக் அமில ஃபில்லர் என்றால் பிடிக்காவிட்டால் ஹையலுரோனிடேஸ் ஊசியால் கரைக்கலாம்.